“வெயில்ல போகாதீங்கம்மா”

என் அம்மாவின் இடது கண்ணில், மூக்கை ஒட்டிய ஓரத்திலிருந்து, சிவந்த சதை ஒன்று முக்கோணமாக வளர்ந்து கருவிழியின்மேல் ஏறி நிற்கிறது. வலது கண்ணிலும் அதே இடத்தில் இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு மருத்துவமனையில் அதை வெட்டி எடுத்தார்கள். ஒன்றரை வருடத்தில் திரும்ப வந்துவிட்டது, முன்பைவிடத் தடிப்பாக.

அம்மாவுக்கு வயது 51. பதினாறு வயதிலிருந்து சித்தாள் வேலை பார்க்கிறார். பசுமலை அடிவாரத்தில் எங்கள் தெருவிலிருந்து திருப்பரங்குன்றம், விளாச்சேரி, ஹார்விபட்டி என்று எந்தப் பக்கம் போனாலும், “இந்த வீட்டுக்கு நான் கல்லு சொமந்தேன்” என்று காட்டுவதற்கு அவரிடம் ஒரு வீடு இருக்கும். கட்டட வேலை இல்லாத மாதங்களில் களை எடுப்பார், நாற்று நடுவார், நூறு நாள் வேலை நடக்கும் ஊரில் சொந்தக்காரர்கள் இருந்தால் அங்கே போய்த் தங்கி ஏதாவது கூலிக்குப் போவார். எந்த வேலையானாலும் தலைக்குமேல் கூரை இருந்ததில்லை. கூரை போடும்வரைதான் சித்தாளுக்கு வேலை. கூரை போட்டு முடித்ததும் அடுத்த மனைக்குப் போய்விட வேண்டும்.

போன மாசி மாதம் இடது கண்ணைக் காட்ட அழைத்துப் போனேன். பார்த்த மருத்துவர் பொறுமையாகத்தான் பேசினார். சொட்டு மருந்து எழுதினார். பிறகு, “வெயில்ல, தூசியில, புகையில போகாதீங்கம்மா. அப்பத்தான் இது மேற்கொண்டு வளராது” என்றார். அம்மா “சரிங்க டாக்டர்” என்று தலையாட்டினார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, “வெயில்ல போகாம சோறு எங்கிட்டுருந்துடி வரும்?” என்றார். மறுநாள் காலை எட்டு மணிக்கு தூக்குவாளியோடு வேலைக்குப் போய்விட்டார்.

அந்த மருத்துவரைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. பாடப்புத்தகத்தில் உள்ளதைத்தான் அவர் சொன்னார். ஆனால் வெயிலில் போவதா வேண்டாமா என்பதை ஒருவர் தானே முடிவுசெய்துகொள்ள முடியும் என்ற நம்பிக்கை அந்த ஆலோசனைக்குள் இருக்கிறது. இந்த நாட்டில் யார் வெயிலில் நிற்க வேண்டும், யார் நிழலில் நிற்க வேண்டும் என்பது தனி ஆட்களின் விருப்பத்தால் முடிவானதல்ல. சாதி அதை முடிவுசெய்திருக்கிறது. சில சமயம் எழுத்துபூர்வமாகவே முடிவுசெய்திருக்கிறது.

இது என்ன நோய்?

எங்கள் ஊரில் “கண்ணுல சதை வளர்ந்திருக்கு” என்பார்கள். மருத்துவப் பெயர் டெரிஜியம். சிறகு என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு, ரத்த நாளங்களோடு சேர்ந்து தடித்து, சிறகின் வடிவில் கருவிழியை நோக்கி ஊர்கிறது. இதற்கு முந்தைய நிலையாகப் பலருக்கு வெள்ளை விழியில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு மேடு தெரியும். அதன் பெயர் பிங்குவெகுலா. அது கருவிழிக்கு வராமலே நின்றுவிடுவதும் உண்டு.

தொடக்கத்தில் உறுத்தல், சிவப்பு, எரிச்சல், கண்ணில் நீர் வடிதல் அவ்வளவுதான். வளர வளர அந்தச் சதை கருவிழியை இழுத்து அதன் வளைவை மாற்றிவிடும். பார்வை கோணலாகி மங்கும். கண்மணியை மறைக்கும் அளவுக்கு வந்துவிட்டால் பார்வையே போகும். இது புற்றுநோய் இல்லை. ஆனால் இதே இடத்தில், இதே மாதிரித் தோற்றத்தில், கண்ணின் மேற்பரப்பில் தொடங்கும் புற்றுநோயும் வரலாம். அதற்கும் முக்கியமான காரணங்களில் ஒன்று சூரியனின் புற ஊதாக் கதிர்தான். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால்தான் வெட்டி எடுத்த சதையைக் குப்பையில் போடாமல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்கிறார்கள்.

இது ஏன் பெரும்பாலும் மூக்குப் பக்கமாகவே வருகிறது? ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பக்கவாட்டிலிருந்து கண்ணுக்குள் வரும் ஒளியை, கருவிழியின் வளைவு ஒரு லென்ஸைப் போல மடக்கி எதிர்ப்புறம், அதாவது மூக்கை ஒட்டிய ஓரத்தில் குவிக்கிறது. அந்த இடத்தில் ஒளியின் செறிவு ஏறத்தாழ 20 மடங்கு கூடுகிறது. கருவிழியின் மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் மூல அணுக்கள் இருப்பது அதே ஓரத்தில்தான். அவை வருடக்கணக்கில் சூடுபட்டுச் சிதையும்போது, கருவிழிக்கும் வெள்ளை விழிக்கும் நடுவே இருக்கும் வேலி உடைகிறது. சதை உள்ளே வருகிறது.

இந்த விளக்கம் எனக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. அம்மா தலையில் சும்மாடு வைத்திருப்பார், அதற்குமேல் துண்டு கட்டியிருப்பார். அவை மேலிருந்து வரும் வெயிலைத் தடுக்கும். பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் வரும் ஒளியைத் தடுக்காது. காய்ந்த மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 15 சதவீதம்வரை திருப்பி அடிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாள் முழுக்க மணற்குவியலுக்குப் பக்கத்தில் குனிந்து நிமிரும் ஒருவருக்கு முண்டாசு போதாது. பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி வேண்டும்.

யாருக்கு வருகிறது?

பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள வெப்ப நாடுகளில் இந்த நோய் அதிகம். தமிழ்நாடு அந்தப் பட்டைக்குள்தான் இருக்கிறது. சென்னையிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில் நூற்றுக்கு 9.5 பேருக்கு டெரிஜியம் இருந்தது. மத்திய இந்தியாவின் விவசாயக் கிராமங்களில் நடந்த இன்னொரு ஆய்வில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 13 பேருக்கு இருந்தது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். நிழலில் வேலை செய்பவர்களைவிட வெட்டவெளியில் வேலை செய்பவர்களுக்கு அதிகம். படித்தவர்களைவிட எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதிகம்.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எழுத்தறிவுக்கும் கண்ணின் சவ்வுக்கும் உடலியலில் எந்தத் தொடர்பும் இல்லை. ‘அ’ எழுதத் தெரியாததால் யாருக்கும் கண்ணில் சதை வளராது. பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளை எட்டு வயதில் ஆடு மேய்க்கப் போகிறது, பத்து வயதில் களை எடுக்கப் போகிறது. அந்த வயதிலிருந்தே வெயிலின் கணக்கு தொடங்கிவிடுகிறது. ஆய்வு “எழுத்தறிவின்மை” என்று குறிப்பதை எங்கள் தெருவின் மொழியில் சொன்னால், “சின்னப் பிள்ளையிலேயே வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள்” என்று வரும். அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து போனார்கள் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குடை பிடிக்கத் தடை

அன்றைக்கு மதுரைக்குப் பக்கத்து மாவட்டம் ராமநாதபுரம். 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இவற்றைப் பதிவுசெய்திருக்கிறார். நகை போடக் கூடாது, சட்டை போடக் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது என்று நீளும் அந்தப் பட்டியலின் எட்டாவது தடை இது: ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடுகள் கொள்ளையடிக்கப்பட்டன.

அடுத்த வருடம், 1931இல், அந்தப் பட்டியல் பதினொன்றாக மாறியது. அதில் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்று ஒன்று. மிராசுதாரின் வயலில் காலை 7 மணி முதல் மாலை 6 மணிவரை கூலி வேலை பார்க்க வேண்டும், ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா என்று இன்னொன்று.

இரண்டு பட்டியலையும் சேர்த்து ஒரு கண் மருத்துவரின் மேசையில் வைத்துப் பாருங்கள். குடை கிடையாது. பதினொரு மணி நேரம் வெட்டவெளி. படிப்பு கிடையாது. இன்றைய ஆய்வுகள் ‘ஆபத்துக் காரணிகள்’ என்று அடுக்குகிறவற்றை அன்றைக்கே விதிகளாக எழுதிவைத்திருக்கிறார்கள். நிழல் அந்த விதிகளில் ஒரு சாதியின் சொத்து. அதை இன்னொருவர் குடையாகக்கூடக் கையில் பிடிக்க முடியாது.

“அது தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கதை” என்பீர்கள். 2023இல் குஜராத்தின் பனாஸ்காந்தா மாவட்டத்தில் ஒரு தலித் இளைஞரை அடித்தார்கள். நல்ல உடை உடுத்திக் கருப்புக் கண்ணாடி போட்டிருந்தார் என்பதுதான் அவர்மேல் அடித்தவர்களுக்கு இருந்த ஆத்திரம். செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. மருத்துவர் கண்ணைக் காக்கப் போடச் சொல்லும் பொருளை, போட்டால் அடிப்பேன் என்று சாதி சொல்கிறது.

குஜராத் வரை போகவும் வேண்டாம். வலது கண் அறுவை முடிந்து வந்ததும் அம்மாவுக்கு நான் ஒரு கருப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது நாள் அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டார். கேட்டேன். “மேஸ்திரி சிரிக்கிறாருடி. ‘என்னா, சினிமாவுல நடிக்கப் போறியா, கல்லு சொமக்கப் போறியா’ங்கிறாரு. வீட்டுக்காரம்மா வேற மேலயும் கீழயும் பாக்குது.” அந்த மேஸ்திரி யாரையும் அடிக்கவில்லை, எந்தத் தடைப் பட்டியலும் எழுதவில்லை. சிரித்தார், அவ்வளவுதான். ஒரு சித்தாளின் முகத்தில் அந்தக் கண்ணாடி பொருந்தாது என்று அவருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கும் எப்படித் தெரிந்தது? வருடக்கணக்கில் ஒரு பெண்ணின் கண் வெயிலில் வெந்தாலும் அது உறுத்தாது, அவள் அதை மறைத்துக்கொண்டால் மட்டும் உறுத்தும் என்றால், அந்தப் பார்வையில்தான் நோய் இருக்கிறது.

சுஸ்ருதரும் வேடனும்

இந்த நோயைப் பற்றிப் பேசினால் உடனே யாராவது சுஸ்ருத சம்ஹிதையை எடுத்துவருவார்கள். பழைய பெருமைதான். அந்த நூல் இந்தச் சதை வளர்ச்சியை ‘அர்மம்’ என்ற பெயரில் சொல்கிறது. ஐந்து வகையாகப் பிரிக்கிறது. கொக்கியால் தூக்கிப் பிடித்து வெட்டும் முறையையும் விவரிக்கிறது. அந்தக் காலத்துக்கு அது பெரிய அறிவுதான், மறுக்கவில்லை.

ஆனால் அதே நூலின் தொடக்கப் பகுதியில், யாருக்கு மருத்துவம் கற்றுத்தரலாம் என்பதும் இருக்கிறது. மேல் மூன்று வருணத்தாருக்குக் கற்றுத்தரலாம். நல்ல குலத்துச் சூத்திரனுக்கு, மந்திரமும் உபநயனமும் இல்லாமல், கற்றுத்தரலாம் என்று சிலர் சொல்வதாகவும் இருக்கிறது. அவர்களுக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அதே இடத்தில் யாருக்கு மருத்துவம் பார்க்கக் கூடாது என்பதும் வருகிறது: வேடர்கள், பறவை பிடிப்பவர்கள், சாதியிலிருந்து வீழ்ந்தவர்கள், பாவம் செய்தவர்கள்.

நாள் முழுக்கக் காட்டிலும் மேட்டிலும் வெயிலில் திரிந்த வேடனுக்கும் பறவை பிடிப்பவனுக்கும்தான் அர்மம் வர அதிக வாய்ப்பு. நோயை ஐந்து வகையாகப் பிரிக்கத் தெரிந்த நூல், அந்த நோய் அதிகம் வரக்கூடிய மனிதனை வாசலிலேயே நிறுத்திவிட்டது. நம் மருத்துவ மரபைப் பற்றிப் பெருமை பேசும்போது இந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். சித்த மருத்துவராக வாழ்ந்த அயோத்திதாசப் பண்டிதர் ஒடுக்கப்பட்ட மக்களின் அறிவு மரபை மீட்டெடுக்க ஏன் அவ்வளவு எழுதினார் என்பதும் அப்போதுதான் விளங்கும்.

மதுரையால் முடியாததா?

இப்போது மதுரைக்கு வருகிறேன். கண் மருத்துவத்தில் உலகமே திரும்பிப் பார்த்த ஊர் இது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதே 1976இல்தான் ஒன்றிய அரசு தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டின் மையமும் கண்புரை. ஊர் ஊராக முகாம், வண்டி வைத்து அழைத்துவருவது, சாப்பாடு, இலவச அறுவை, திரும்பக் கொண்டுவிடுவது என்று ஒரு முறை உருவானது. வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தபோது, 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கப்பட்டு அந்த விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு லென்ஸ் செய்து காட்டினார்கள். என் பாட்டிக்குப் பார்வை திரும்பக் கிடைத்தது இப்படிப்பட்ட ஒரு முகாமால்தான். அந்த நன்றி எனக்கு உண்டு.

அதனால்தான் கேட்கிறேன். வயதானால் எல்லாச் சாதியாருக்கும் எல்லா வர்க்கத்தாருக்கும் கண்புரை வரும். அதை நாடு தன் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. வெயிலில் வேலை செய்பவர்களின் கண்ணில் வளரும் சதையை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு மண்டபத்தில் நடந்த முகாமுக்கு அம்மா போனார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இது புரை இல்லம்மா, சதைதான், அந்தப் பக்கம் போங்க” என்றார்கள். அந்தப் பக்கம் என்பது வெளியே போகும் வழி.

அறுவையிலும் ஒரு பாகுபாடு ஒளிந்திருக்கிறது. சதையை வெட்டிவிட்டு அந்த இடத்தை வெறுமனே விட்டால் அது திரும்ப வளர்வது சகஜம். வெவ்வேறு ஆய்வுகளில் நூற்றுக்கு 24 பேரிலிருந்து 89 பேர்வரை திரும்ப வந்திருக்கிறது. அதே நோயாளியின் மேல் இமைக்கு அடியிலிருந்து கொஞ்சம் நல்ல சவ்வை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினால் இந்த எண்ணிக்கை மிகவும் குறைகிறது. 1985இல் கென்யன் என்ற மருத்துவரின் குழு இந்த முறையில் 57 கண்களுக்குச் சிகிச்சை செய்ததில் மூன்றில் மட்டுமே சதை திரும்பியது. ஆனால் ஒட்டு வைக்க நேரம் அதிகம், பயிற்சி வேண்டும், செலவும் கூடுதல். அம்மாவின் பழைய சீட்டை இப்போது எடுத்துப் பார்த்தேன். சதையை அகற்றியதாக மட்டும் எழுதியிருக்கிறது. ஒட்டு வைத்ததாக ஒரு வார்த்தை இல்லை. அப்போது அதைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது.

சட்டத்துக்கும் இந்த விஷயம் புதிதில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35ஆம் பிரிவு கண் பாதுகாப்பைப் பற்றியது. தெறிக்கும் துகள்களாலோ மிகையான ஒளியாலோ கண்ணுக்கு ஆபத்து இருக்கும் வேலைகளில் தடுப்புத் திரையோ தகுந்த கண்ணாடியோ தரவேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என்றது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் அகச்சிவப்புக் கதிரால் வரும் கண்புரை இடம்பெற்றது. உலையின் முன்னால் நிற்பவரின் கண் கெடும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. சூரியனின் முன்னால் நிற்பவரின் கண்ணில் வளரும் சதை அந்தப் பட்டியலில் இல்லை. சுவருக்குள் இருந்தால் ஒளி ஆபத்து, வயலிலும் கட்டடத்திலும் இருந்தால் அது இயற்கை. இப்படித்தான் ஒரு தொழில்நோய் ‘விதி’ ஆகிறது.

சூரியன் சாதி பார்க்குமா?

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் மறுத்தார். “வெயில் எல்லாருக்கும் பொது. சொந்த நிலத்தில் உழும் பிற்படுத்தப்பட்ட சாதி விவசாயிக்கும் கடலுக்குப் போகும் மீனவருக்கும் இந்தச் சதை வருகிறது. இதில் எதற்குச் சாதியை இழுக்கிறாய்?”

அவர் சொன்ன முதல் பாதி சரி. அவர்களுக்கும் வருகிறது. நான் கேட்கும் பாதுகாப்பு அவர்களுக்கும் வேண்டும். ஆனால் சொந்த நிலம் இருப்பவர் உச்சி வெயிலில் வேப்பமர நிழலில் போய் உட்காரலாம். தன் வேலை நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளலாம். காசு வந்தால் ஆள் வைத்துக்கொள்ளலாம். பிள்ளையைப் படிக்கவைத்து வெயிலிலிருந்து வெளியே அனுப்பலாம். கூலிக்காரருக்கு இவை எதுவும் இல்லை. அவர் ஏன் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்காரராகவே இருக்கிறார் என்று கேட்டால், 1892இல் ஒதுக்கப்பட்டுப் பிறகு பறிபோன பஞ்சமி நிலத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். உழைப்பாளிகளையே மேலும் கீழுமாக அடுக்கிவைக்கும் ஏற்பாடு சாதி என்று அம்பேத்கர் 1936இல் விளக்கினார். அந்த அடுக்கில் கீழே போகப் போக வெயில் கூடுகிறது. சூரியன் சாதி பார்க்காது. யாரைச் சூரியனுக்குக் கீழே நிறுத்துவது என்று முடிவுசெய்கிறவர்கள் பார்க்கிறார்கள்.

அதிலும் பெண்ணுக்கு இரட்டை அடி. 1931இன் பட்டியலில் ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. இன்றைக்கும் எங்கள் பக்கம் கொத்தனாருக்கு ஒரு கூலி, அதைவிடக் குறைவாகச் சித்தாளுக்கு ஒரு கூலி. கொத்தனார் சுவர் எழுந்ததும் உள்ளே நிழலில் பூசுவார். மணலும் ஜல்லியும் கிடக்கும் தெருவுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பது சித்தாள்தான்.

நாம் கேட்க வேண்டியவை

இரக்கம் வேண்டாம். கேட்பதற்குத் திட்டவட்டமான கோரிக்கைகள் இருக்கின்றன.

ஒன்று, அரசுப் பணம் செலவாகும் எல்லா வெட்டவெளி வேலைகளிலும், அதாவது நூறு நாள் வேலை, மாநகராட்சித் துப்புரவு ஒப்பந்தம், சாலைப் பணி, அரசுக் கட்டடம் என எல்லாவற்றிலும், பக்கவாட்டை மூடும் புற ஊதாத் தடுப்புக் கண்ணாடியைக் கையுறைபோலக் கட்டாயமாகத் தரவேண்டும். அது கருப்பாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தொழிற்சாலைகளில் போடும் தெளிவான பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடியே பெரும்பாலான புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். உலகத்துக்கே மலிவு விலையில் லென்ஸ் செய்துகொடுத்த மதுரையால் இதைச் செய்ய முடியாதா? எல்லோருக்கும் கொடுத்தால் எந்த மேஸ்திரியும் சிரிக்கவும் முடியாது.

இரண்டு, கோடையில் காலை 11 முதல் மாலை 3 வரை வெட்டவெளி வேலை நிறுத்தப்பட வேண்டும், ஒரு பைசா கூலி குறையாமல்.

மூன்று, கண் முகாம்களில் புரையோடு இந்தச் சதையையும் பார்க்க வேண்டும், பதிவுசெய்ய வேண்டும். படிவத்தில் வேலை என்ன என்று ஒரு கட்டமும் சாதிப் பிரிவு என்ன என்று ஒரு கட்டமும் வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வு பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் என்று பிரித்துக் கணக்கு எடுக்கிறது. கண்ணுக்கு மட்டும் அது ஏன் கூடாது? எண்ணப்படாத நோய்க்குப் பணம் ஒதுக்கப்படாது.

நான்கு, அறுவை தேவைப்பட்டால் ஒட்டு வைக்கும் முறையில் இலவசமாகச் செய்ய வேண்டும். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஓய்வெடுக்கும் வாரங்களுக்கு நல வாரியம் கூலியை ஈடுசெய்ய வேண்டும். ஓய்வில்லாமல் தைத்த கண்ணோடு மணல் அள்ளப் போனால் எந்த அறுவையும் வீண்தான்.

ஐந்து, வெட்டவெளித் தொழிலாளர்களின் டெரிஜியத்தைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இவை அரசிடம் கேட்க வேண்டியவை. உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. இன்றைக்கு இரவு வீட்டுக்குப் போனதும் அம்மா, அப்பா, பாட்டியின் கண்களை வெளிச்சத்தில் ஒருமுறை உற்றுப் பாருங்கள். மூக்குப் பக்கம் மஞ்சள் மேடோ சிவந்த சதையோ தெரிகிறதா என்று பாருங்கள். வேகமாக வளர்கிறது, வெள்ளைத் திட்டு இருக்கிறது, ரத்தம் கசிகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள், கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் சொட்டு மருந்தை நிறுத்துங்கள். அவற்றில் பல ஸ்டீராய்டு கலந்தவை, மாதக்கணக்கில் போட்டால் கண் நீர் அழுத்த நோயும் புரையும் வரலாம். தாய்ப்பால், எண்ணெய், இலைச்சாறு எதையும் ஊற்றாதீர்கள். அவற்றால் கருவிழியில் புண் வந்துவிட்டால் சதையைவிட அது பெரிய ஆபத்து.

அம்மாவின் இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறோம். இந்த முறை ஒட்டு வைப்பார்களா, எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்று இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டேன். செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடியையும் பீரோவிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். “போட்டுட்டுப் போனா சிரிப்பாங்கடி” என்றார் நேற்றும். கூட வேலை பார்க்கும் ஆறு பெண்களுக்கும் சேர்த்து ஏழு கண்ணாடி வாங்கப் போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்பன்னா மேஸ்திரிக்கும் ஒண்ணு வாங்கு. அவருக்கும்தான் கண்ணுல மஞ்சளா தெரியுது” என்றார்.